ஐந்து விண்ணப்பம், இரண்டுக்குத்தான் பணம்: ஓபியாய்டு செட்டில்மென்ட் மானியத்தை எதற்குக் கொடுப்பது?

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில் சின்னதாக ஒரு கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறார். ஓபியாய்டு, அதாவது அபினி வகை வலி மருந்து, விற்ற கம்பெனிகள் வழக்கைத் தீர்க்கத் தரும் செட்டில்மென்ட் பணத்தை யார் யாருக்கு மானியமாகக் கொடுக்கலாம் என்று கவுண்டிக்கு யோசனை சொல்ல ஒரு குழு போட்டிருக்கிறார்கள். "மருந்து தெரிஞ்சவங்க" என்று அவரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். "அண்ணா, அஞ்சு விண்ணப்பம் வந்திருக்கு. அஞ்சும் நல்லதாத்தான் தெரியுது. இருக்கற பணம் ரெண்டுக்கு மேல தாங்காது. அடுத்த வியாழக்கிழமை மார்க் போடணும். எதை வச்சுப் போடறது?"

நானும் வேறொரு கவுண்டியில் இப்படி ஒரு குழுவில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன்தான். சம்பளம் கிடையாது. ஆறிப்போன பீட்சாவும் கை நிறைய விண்ணப்பக் கட்டும் கிடைக்கும். முதல் வருஷம் நான் போட்ட மார்க்கில் பாதி தப்பு என்று இப்போது தெரிகிறது. அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

## இது எந்தப் பணம்

வலி மாத்திரைகளை ஊர் ஊராகக் கொண்டு கொட்டிய கம்பெனிகள் மீது மாநிலங்களும் கவுண்டிகளும் நகரங்களும் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டன. 2021 ஜூலையில் மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று பெரிய மருந்து விநியோகக் கம்பெனிகளும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2,600 கோடி டாலர் வரை தருவதாக உடன்பாடு அறிவிக்கப்பட்டது. விநியோகக் கம்பெனிகளின் பங்கு 18 வருஷத் தவணை. பின்னாலேயே சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட், டேவா, அலர்கன் எல்லாம் வரிசையில் வந்தன. ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை செய்த பர்டூ ஃபார்மாவின் திவால் திட்டத்தை 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. அதன்பின் அந்தக் கம்பெனியும் அதன் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பமும் 740 கோடி டாலருக்குப் புதிய உடன்பாட்டுக்கு வந்தார்கள். எல்லாம் சேர்த்தால் 5,000 கோடி டாலரைத் தாண்டும்.

பங்கு பிரித்த விதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒஹையோவில் 55% ஒரு தனி அறக்கட்டளைக்குப் போகிறது. உள்ளாட்சிகளுக்கு 30%, மாநில அரசுக்கு 15%. நார்த் கரோலைனாவில் நேர் எதிர்: 85% கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும், 15% தான் மாநிலத்துக்கு. அதனால்தான் இந்தத் தலைவலி ஒரு சின்ன ஊர்ப் பார்மசிஸ்ட் மேசை வரைக்கும் வந்து நிற்கிறது.

இந்தப் பணத்துக்குக் கடிவாளம் போட்டதற்கு ஒரு பழைய காயம் காரணம். 1998இல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களுக்கு 25 வருஷத்தில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அதில் புகைப்பழக்கத்தைத் தடுக்கச் செலவானது சொற்பம். மீதி சாலைக்கும் பட்ஜெட் ஓட்டை அடைக்கவும் போனது. அந்தக் கதை திரும்பக் கூடாது என்று, 2021 உடன்பாட்டில் குறைந்தது 85% பணம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யவே போக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இருந்தும் டென்னசியின் கிரீன் கவுண்டி 20 லட்சம் டாலருக்கு மேல் தன் கடன் கணக்குக்கு ஒதுக்கியது 2023இல் செய்தியானது. நியூ ஜெர்சியின் இர்விங்டன் ஊராட்சி விழிப்புணர்வு என்ற பெயரில் பாட்டுக் கச்சேரிக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்ததாக மாநிலக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2025இல் அறிக்கை விட்டார்.

## எதை வைத்து அளப்பது

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கிற படி என்ன என்று முதலில் பேசிக்கொள்ளாமல் விண்ணப்பத்தைப் பிரித்தால், நன்றாக எழுதத் தெரிந்தவருக்கே மார்க் போகும். எங்கள் குழுவில் முதல் வருஷம் அதுதான் நடந்தது. நான்கு கேள்வி போதும்.

சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது? 2022இல் அமெரிக்காவில் ஓவர்டோஸில் இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். 2024இல் அது ஏறத்தாழ 80,000 ஆக இறங்கியது. இறங்கியதே என்று ஆறுதல்படலாம்; ஆனால் 80,000 என்பது நம் ஊர்ப் பக்கம் ஒரு நடுத்தர நகரத்தையே காலி செய்யும் எண். இந்தத் திட்டம் இந்த வருஷம் யார் உயிரைக் காக்கும், அதற்கு ஆதாரம் உண்டா என்பது முதல் கேள்வி.

இதற்கு வேறு யாராவது பணம் தருவார்களா? ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் தரும் செலவுக்கு இந்தப் பணத்தைக் கொடுத்தால் அது வீண். நார்த் கரோலைனா 2023 டிசம்பர் 1 முதல் மெடிகெய்டை விரிவாக்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட பல திட்டங்கள் இன்னும் பழைய கணக்கிலேயே சுற்றுகின்றன.

பணம் இறங்கும்போது என்ன ஆகும்? இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தவணை 2038 வரை வரும். ஆனால் ஒரே அளவில் வராது. ஜான்சன் அண்ட் ஜான்சனும் வால்மார்ட்டும் தங்கள் பங்கில் பெரும்பகுதியை முதல் சில வருஷங்களிலேயே கட்டிவிட்டன. இன்று வரும் காசோலையைப் பார்த்து நாளைக்கும் அதே வரும் என்று ஆள் எடுத்தால், ஐந்தாவது வருஷம் வேலை நீக்கக் கடிதம் அடிக்க வேண்டியிருக்கும்.

செய்வதற்கு ஆள் இருக்கிறார்களா? விண்ணப்பத்தில் "நர்ஸ் நியமிக்கப்படுவார்" என்று எழுதுவது சுலபம். சின்னக் கவுண்டியில் அந்த நர்ஸ் எங்கே இருக்கிறார்?

இனி ஐந்தையும் இந்தப் படியில் அளக்கலாம்.

## 1. நலாக்சோன் விநியோகம்

மூக்கில் அடிக்கும் அந்தச் சின்ன ஸ்ப்ரே. பெட்டிக்கு இரண்டு. ஓபியாய்டு மூச்சை நிறுத்தும்போது இதை அடித்தால் சில நிமிஷத்தில் ஆள் மூச்சு விடுகிறார். 2023 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. நார்கன் என்ற பெயரில் விற்கும் பெட்டி கடையில் 45 டாலர் பக்கம். கலிஃபோர்னியா தன் சொந்தத் திட்டத்தில் அதே மருந்து ஸ்ப்ரேயை வேறு பெயரில் 24 டாலருக்குத் தருகிறது. தசையில் போடும் ஊசி மருந்து இதைவிட மலிவு.

சாவுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் திட்டம் வேறில்லை. ஆனால் மானியம் கேட்கும் எல்லா நலாக்சோன் விண்ணப்பமும் ஒன்றல்ல. பெட்டி யார் கைக்குப் போகிறது என்பதுதான் விஷயம். எங்களுக்கு வந்த ஒரு விண்ணப்பத்தில் நூலகம், சர்ச், பள்ளி அலுவலகம் என்று நாற்பது இடத்தில் சுவர்ப்பெட்டி மாட்டுவதாக இருந்தது. பார்க்க அழகு. ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தோம். முக்கால்வாசி சீல் உடையாமல் இருந்தது. அதே ஊரில் ஊசி மாற்றித் தரும் மையத்தில் கொடுத்த பெட்டிகள் மூன்றே வாரத்தில் தீர்ந்திருந்தன. போதை எடுப்பவரும் அவர் பக்கத்தில் இருப்பவரும்தான் இதைப் பயன்படுத்தப் போகிறவர்கள்.

மறைவுச் செலவு: காலாவதி. நார்கனின் ஆயுளை 2024இல் 3 வருஷத்திலிருந்து 4 வருஷமாக நீட்டினார்கள், அது பெரிய உதவி. ஆனால் வாங்கியதைக் கணக்கு வைத்து மாற்ற ஒருவர் வேண்டும். இன்னொன்று, தனியாக இருப்பவருக்கு நலாக்சோன் உதவாது. அடித்துவிட இரண்டாவது ஆள் வேண்டும். தெருவில் விற்கும் ஃபென்டனிலில் (மிக வீரியமான ஓபியாய்டு) சைலசீன் என்ற கால்நடை மயக்க மருந்து போன்ற கலப்படம் இருந்தால், நலாக்சோன் ஃபென்டனிலை மட்டும்தான் எதிர்க்கும். மூச்சு கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் பெட்டியை மட்டும் கொடுப்பது பாதி வேலை.

எப்போது இதற்கே ஓட்டு: மாநிலத்திடம் இலவசமாகக் கேட்டும் போதுமான அளவு கிடைக்காதபோது, விநியோகிப்பவர் நேரடியாகப் போதைப் பழக்கக்காரர்களோடு வேலை செய்பவராக இருக்கும்போது. முதலில் இலவசத்தைக் கேளுங்கள். பல கவுண்டிகள் கேட்காமலேயே காசு கொடுத்து வாங்குகின்றன.

## 2. ஜெயிலுக்குள் மருந்து, வெளியே வந்ததும் தொடர்ச்சி

ஐந்தில் மக்களுக்குப் பிடிக்காதது இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கவுண்டி ஜெயில் என்பது நம் ஊர் கிளைச்சிறை மாதிரி. கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் பொறுப்பு. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணை முடியாதவர்கள். சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு வெளியே வருவார்கள். ஃபென்டனில் பழக்கத்தோடு உள்ளே போகிறவருக்கு மூன்று நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம். அதை உடம்பு தாண்டிவிடும். ஆனால் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நிற்கிறது.

இது ஊகம் இல்லை. வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து வெளியே வந்தவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்றது. நார்த் கரோலைனா சிறைகளைப் பற்றி 2018இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் ஓபியாய்டு ஓவர்டோஸ் சாவு 40 மடங்கு. சாவு எந்த இரண்டு வாரத்தில், எந்த வாசலில் வந்து நிற்கும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த இடம் வேறு எது?

மருந்தும் இருக்கிறது. போதை ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் இரண்டும் சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. ரோட் ஐலண்ட் 2016இல் தன் சிறைகளில் எல்லாருக்கும் மருந்து கொடுக்க ஆரம்பித்தது. அந்த வருஷம் முதல் ஆறு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையில் இருந்து வந்தவர்கள். அடுத்த வருஷம் அதே ஆறு மாதத்தில் 9 பேர். சின்ன மாநிலம், சின்ன எண்கள்தான். ஆனாலும் திசை தெளிவு.

"போதைக்கு மருந்தா இன்னொரு போதை?" என்று குழுவில் யாராவது கேட்பார்கள். எங்கள் குழுவில் கேட்டவர் ஒரு நல்ல மனுஷர், பாஸ்டர். இந்தியாவிலும் நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) நடத்தும் மையங்களில் ஊசிப் போதைக்காரர்களுக்கு இதே புப்ரினார்ஃபினைத்தான் நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய வாதமாகப் படவில்லை. ஜெயிலுக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் மாறினார்.

போனது காலை ஏழு மணிக்கு. மடிக்கிற மேசை ஒன்று, ஒரு நர்ஸ், ஒரு காவலர். ஆறு ஆறு பேராக வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் கையுறையோடு ஒவ்வொருவர் நாக்குக்கு அடியிலும் மருந்துப் படலத்தை வைத்தார். பிறகு பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் காவலர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார், நாக்கைத் தூக்கச் சொன்னார், ஒரு டம்ளர் தண்ணீர். அடுத்த ஆறு பேர்.

மருந்து மலிவு. அந்தப் பத்து நிமிஷம்தான் விலை. ஒரு நர்ஸும் ஒரு காவலரும் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் கட்டுண்டு கிடக்கிறார்கள். அதைத் தவிர்க்க மாதம் ஒரு ஊசி என்று போனால், ஊசி ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். இதுதான் முதல் மறைவுச் செலவு.

இரண்டாவது, மெடிகெய்ட் இங்கே கை கொடுக்காது. 1965இல் அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்தே உள்ளே இருப்பவரின் மருத்துவச் செலவை அது ஏற்பதில்லை. விடுதலைக்கு முந்தைய கொஞ்ச நாளுக்குத் தர மாநிலங்கள் தனி அனுமதி கேட்கலாம். 2023இல் கலிஃபோர்னியா முதலில் வாங்கியது. அதுவரை கவுண்டிதான் கட்ட வேண்டும். "வேறு யாரும் தர மாட்டார்கள்" என்ற இரண்டாம் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் ஐந்து விண்ணப்பத்திலும் இல்லை. தவிர, வெளியே டாக்டர் கொடுத்துவந்த மருந்தை ஜெயிலில் நிறுத்துவது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கு எதிராகப் போகலாம் என்று 2022 ஏப்ரலில் மத்திய நீதித்துறை எழுதியிருக்கிறது. செய்யாமல் விட்டால் வழக்குச் செலவு வரும் என்பதையும் கவுண்டியை நடத்தும் கமிஷனர்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. உள்ளே மருந்து ஒழுங்காக நடந்தது. ஆனால் ஜாமீன் கட்டியதும் ஆளை உடனே விட வேண்டும். காகித வேலை முடியும்போது ராத்திரி பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பெல்ட், பர்ஸ், சார்ஜ் இல்லாத போன். மருந்துக் கடை திங்கட்கிழமைதான். அந்த இரண்டு வாரம் என்று ஆய்வு சொல்வது இந்த வெள்ளிக்கிழமை ராத்திரியில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் உள்ளே கொடுக்கும் மருந்துக்கு அரை மார்க். வெளியே போகும்போது கையில் கொடுத்தனுப்பும் ஏழு நாள் மருந்து, ஒரு நலாக்சோன் பெட்டி, காலையில் போன் செய்யும் ஒரு ஆள், இவற்றுக்கு அரை மார்க். அந்த ஆள் தானே பழக்கத்திலிருந்து மீண்டவராக இருந்தால் இன்னும் நல்லது.

எப்போது இதற்கே ஓட்டு: ஷெரீஃப் மனதார ஒப்புக்கொண்டிருந்தால். அவர் கையெழுத்து மட்டும் இருந்து மனம் இல்லாவிட்டால், பணம் ஒதுக்கியபடியே தூங்கும்.

எப்போது வேண்டாம்: கவுண்டிக்குள் புப்ரினார்ஃபின் எழுதித் தரும் டாக்டர் ஒருவர்கூட இல்லாவிட்டால், முதலில் அவரைத் தேடுங்கள். 2022 டிசம்பரில் அதற்கான சிறப்பு அனுமதி முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரணக் குடும்ப டாக்டரே எழுதலாம். பலருக்கு அது இன்னும் தெரியாது அல்லது தெரிந்தும் தயக்கம்.

## 3. மீட்பு வீடு

பழக்கத்தை விட்டவர் எங்கே தூங்குவது? பழைய அறைக்கே போனால் பழைய நண்பர்கள். வீட்டில் கதவு திறக்க மாட்டார்கள். மீட்பு வீடு என்பது ஐந்தாறு பேர் சேர்ந்து, போதை இல்லாமல், வாடகை பகிர்ந்து வாழும் இடம். 1975இல் மேரிலண்டில் ஆரம்பித்த ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் முறையில் வார்டன்கூடக் கிடையாது. இருப்பவர்களே ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள், வாடகையும் அவர்களே கட்டுகிறார்கள். பணம் நின்றாலும் தாங்கும் திட்டம் இது: ஆரம்ப முன்பணமும் முதல் சில மாத வாடகையும் கொடுத்தால், வீடு தன் காலில் நிற்கும். மெடிகெய்ட் பொதுவாக வாடகைக்குத் தராது. அதனால் இரண்டாம் கேள்வியிலும் தேறுகிறது.

மறைவுச் செலவு அக்கம்பக்கத்தில் இருக்கிறது. வீடு வருகிறது என்றதும் தெருவே எழுந்து நிற்கும். குடியிருப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் மீட்பு வீட்டின் பக்கம்தான். 1995இல் எட்மண்ட்ஸ் நகருக்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்கே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்குப் போட்டு ஜெயிக்கிற வரைக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நாங்கள் பணம் கொடுத்த ஒரு வீடு, பெயர் வேண்டாம், ஜெயிலில் இருந்து நாங்களே அனுப்பிய ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. காரணம், அவர் புப்ரினார்ஃபினில் இருந்தார். "இங்கே சுத்தமானவர்களுக்குத்தான் இடம்" என்றார்களாம். ஒரு கையால் மருந்துக்குப் பணம் கொடுத்து, இன்னொரு கையால் மருந்து எடுப்பவரைத் துரத்தப் பணம் கொடுத்திருக்கிறோம். தப்பு எங்களுடையது. ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். நீங்கள் போடுங்கள்: மருந்து எடுப்பவரை மறுத்தால் மானியம் நிற்கும்.

எப்போது இதற்கே ஓட்டு: ஏற்கனவே ஒரு வீட்டையாவது இரண்டு வருஷம் நடத்திக் காட்டியவர் கேட்டால். வீடு வாங்கக் கேட்டால் யோசியுங்கள். படுக்கைக்கு வாடகை கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

## 4. பள்ளிகளில் தடுப்பு வகுப்பு

கமிஷனர்களுக்கு மிகவும் பிடித்த விண்ணப்பம் இது. படம் எடுத்துப் போடலாம், யாரும் எதிர்க்க மாட்டார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸார் ஆரம்பித்த 'டேர்' வகுப்பு நாடெங்கும் பரவியது. போதையை அது குறைக்கவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. போலீஸ்காரர் வந்து பயமுறுத்திவிட்டு டி-ஷர்ட் கொடுக்கும் திட்டமாக இருந்தால் மார்க் போடாதீர்கள். பல வருஷம் தொடர்ந்து சமாளிக்கும் திறனைக் கற்றுத்தரும், ஆதாரம் உள்ள பாடத்திட்டங்கள் உண்டு. ஆனால் பலன் தெரியப் பத்து வருஷம் ஆகும்.

நார்த் கரோலைனாக்காரர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாநிலமும் உள்ளாட்சிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் 'ஆப்ஷன் ஏ' என்று 12 வகைச் செலவு இருக்கிறது. அவற்றுக்கு நேராகப் பணம் ஒதுக்கலாம். நலாக்சோன், ஜெயில் மருந்து, மீட்பு வீடு மூன்றும் அதில் உண்டு. பொதுவான பள்ளித் தடுப்பு வகுப்பு பெரும்பாலும் 'ஆப்ஷன் பி' பக்கம் போகும். அதற்கு முதலில் ஊரையே கூட்டித் திட்டமிடும் ஒரு நீண்ட சடங்கை முடித்தாக வேண்டும். முடிக்காத கவுண்டி என்றால் இந்த வருஷம் பேச்சே இல்லை.

எப்போது இதற்கே ஓட்டு: ஏற்கனவே நடக்கும் வகுப்பில், போலி மாத்திரையில் ஃபென்டனில் இருக்கும் என்ற ஒரே செய்தியைச் சேர்க்க, சின்னத் தொகைக்கு.

## 5. முப்பது படுக்கைச் சிகிச்சை மையம்

கட்டடம். கல்வெட்டு. ரிப்பன். விண்ணப்பத்தோடு கலர் வரைபடம் வரும், குழுவில் எல்லாருக்கும் மனசு இளகும். யானையை வாங்கலாம், பதினெட்டு வருஷம் தீனி யார் போடுவது?

21 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு, 16 படுக்கைக்கு மேலுள்ள மனநல, போதைச் சிகிச்சை விடுதிகளுக்கு மெடிகெய்ட் தராது என்று ஒரு பழைய விதி. மாநிலம் தனி அனுமதி வாங்கியிருந்தால் தரும். அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. முப்பது படுக்கை என்று எழுதியவர் இந்த விதியைப் படித்தாரா என்று கேளுங்கள். அப்புறம், மருந்து கொடுக்காமல் 28 நாள் வைத்து அனுப்பும் மையம் என்றால், ஜெயிலில் நடப்பதேதான் இங்கேயும்: தாங்கும் சக்தி போய், வாசலில் சாவு.

எப்போது இதற்கே ஓட்டு: நான்கைந்து கவுண்டி சேர்ந்து பணம் போட்டு, நடத்தப்போவது ஏற்கனவே மெடிகெய்டில் பில் போட்டுப் பழகிய ஆஸ்பத்திரியாக இருந்தால். ஒற்றைச் சின்னக் கவுண்டிக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| விண்ணப்பம் | சாவுக்கு எவ்வளவு பக்கம் | வேறு யார் தருவார்கள் | பணம் குறைந்தால் | பெரிய மறைவுச் செலவு |
|---|---|---|---|---|
| நலாக்சோன் | மிகப் பக்கம் | மாநில இலவசம் இருக்கலாம் | அளவைக் குறைக்கலாம் | காலாவதி, பயிற்சி |
| ஜெயில் மருந்து | மிகப் பக்கம் | அநேகமாக யாரும் இல்லை | ஷெரீஃப் பட்ஜெட்டுக்கு மாற்ற வேண்டும் | நர்ஸ், காவலர் நேரம். விடுதலை ராத்திரி |
| மீட்பு வீடு | நடுத்தரம் | யாரும் இல்லை | தானே நிற்கலாம் | அக்கம்பக்க எதிர்ப்பு, மருந்து மறுப்பு |
| பள்ளி வகுப்பு | தூரம் | பள்ளி நிதி | நின்றுவிடும் | திட்டமிடும் சடங்கு |
| சிகிச்சை மையம் | மருந்து தந்தால் பக்கம் | மெடிகெய்ட், நிபந்தனையோடு | யானை | ஆள், பராமரிப்பு |

## நான் எப்படிப் போடுவேன்

வருஷத்துக்கு 4 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் ஜெயில் மருந்துக்கும் வெளியே வந்தபின் தொடர்ச்சிக்கும். மீட்பு வீட்டுக்கு ஒரு லட்சம், கட்டடத்துக்கு இல்லை, படுக்கைக்கு. நலாக்சோனை மாநிலத்திடம் கேட்டு வாங்கி, எடுத்துப்போய்க் கொடுப்பவரின் சம்பளத்துக்கு மட்டும் கொஞ்சம். மீதியைச் செலவழிக்காமல் வைப்பேன், நாளைக்குத் தவணை இறங்கும்போது நர்ஸை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க. மிச்சம் வைத்தால் கமிஷனர்கள் முகம் சுளிப்பார்கள், "பணத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்" என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதும். எழுதட்டும்.

உங்கள் ஊரில் ஷெரீஃப் மசியாவிட்டால் என் கணக்கு தலைகீழ்: மீட்பு வீடு முதலில், நலாக்சோனோடு ஊசி மாற்று மையம் இரண்டாவது.

நடைமுறையில் இரண்டு சங்கதி. நார்த் கரோலைனாவில் கமிஷனர்கள் தீர்மானம் போடாமல் ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. தீர்மானத்தில் எந்த வகைச் செலவு, எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்று தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தது, பல கவுண்டிகள் முதலில் செலவழி, பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள் என்றுதான் மானியம் தருகின்றன. பெரிய ஆஸ்பத்திரிக்கு அது பொருட்டில்லை. மூன்று பேர் நடத்தும் மீட்பு வீடு இரண்டு மாதத்தில் மூச்சுத் திணறும். முன்பணம் தர முடியுமா என்று கவுண்டி வக்கீலிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

வியாழக்கிழமைக்கு முன்னால் ஷெரீஃப் அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள். விண்ணப்பத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். ஆட்களை எத்தனை மணிக்கு வெளியே விடுகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.